ஆல்மோஸ்ட் தேர்... எத்தனாவது வளைவு?

போன வாரம் கொல்லிமலையில், கையில் மைக்கோடு நின்று என் கணவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. மைக்கும் கிடைத்து, கணவரும் பக்கத்தில் இல்லையென்றால்... நீங்களாக இருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. பெயர் சுந்தரேசன். ஊர் சேலம். ரிட்டயர் ஆகிவிட்டார். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை – எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

தப்பாக நினைக்காதீர்கள். போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகிறவர் இல்லை. வீட்டில்தான் இருப்பார். துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, 'வந்துட்டே இருக்கேன்' என்று போனில் சொல்வார். அந்தப் பக்கம் காத்திருப்பவர் பாவம், கல்யாண மண்டபத்து வாசலில் இவருக்காக நின்றுகொண்டிருப்பார்.

சரி, கொல்லிமலைக்கு நான் எப்படிப் போனேன்?

என் தோழி ஸ்டெல்லா அங்கே எடப்புளி நாட்டில் – மலையில் பஞ்சாயத்துக்கு நாடு என்று பெயர் – ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மலைக்கு போஸ்டிங் வந்தபோது, 'ஒரே வருஷம்தான், டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு ஓடிருவேன்' என்று என்னிடம் அழுதவள். இப்போது குவார்ட்டர்ஸ் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி வைத்திருக்கிறாள். டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

பள்ளியில் இங்கிலீஷ் விழா என்று கூப்பிட்டாள். "அக்கா, கிராமர் மட்டும் வேண்டாம். பிள்ளைங்க ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்கு. தினமும் பேசுற இங்கிலீஷைப் பத்தி ஜாலியா ஏதாவது பேசுங்க."

ஜாலியாகப் பேசுவதற்கு என்னைக் கேட்க வேண்டுமா? முதல் நாளே பஸ் ஏறிவிட்டேன். நம்ம ஆளுக்கு அன்றைக்கு சேலத்தில் ஒரு ரிசப்ஷன். மறுநாள் காலை காரில் கிளம்பி வந்து, என் பேச்சைக் கேட்டுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு.

"டிபன் முடிச்சதும் கிளம்பிருவேன். நீ மைக்கைப் பிடிக்கிறப்ப நான் முன் வரிசையில இருப்பேன்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதற்கும் நம்பியதற்கும் சம்பந்தமில்லை.

அன்று இரவெல்லாம் மலையில் மழை. காலையில் மழை விட்டிருந்தது. ஆனால் பள்ளி மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பலா மரம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி.

நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள். ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று சாது, இன்னொன்று விஷமம்.

"லெட் மீ ஸீ-ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் யோசிக்கப் போறார்னு அர்த்தம். வீ வில் ஸீ-ன்னு சொன்னா? அந்த வேலை நடக்காதுன்னு அர்த்தம். ஐ வில் டூ இட்-ன்னா செய்வார். ஐ வில் ட்ரை-ன்னா, அடுத்த தடவை நீங்க பார்க்கிறப்போ அவர் தெரு மாறிப் போவார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். முன் வரிசைப் பெற்றோர்களும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இப்ப ஒருத்தர் உங்க வீட்டுக்கு வரணும்னு வெச்சுக்குங்க. ஐ ஆம் அபவுட் டு லீவ்-ன்னா, அவர் இன்னும் செருப்பைத் தேடிட்டு இருக்கார். ஐ ஆம் லீவிங்-ன்னா, செருப்பு கிடைச்சிருச்சு. ஜஸ்ட் லெஃப்ட்-ன்னா, கதவைப் பூட்டிட்டார். ஆன் தி வே-ன்னா, ரோட்டுல இருக்கார். ஆல்மோஸ்ட் தேர்-ன்னா, உங்க தெருமுனைக்கு வந்தாச்சு, காபிக்குப் பால் வைக்கலாம். இங்கிலீஷ்காரர் இவ்வளவு பிரிச்சு வெச்சிருக்கார்."

அந்த நேரம் பார்த்து என் போன் கிணிங், கிணிங் என்றது. அந்த மலையில் சிக்னல் பண்டிகைக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி. எப்போதாவதுதான் வரும், வந்தால் மொத்தமாக வரும். எடுத்துப் பார்த்தேன். நம்ம ஆளிடமிருந்து நாலு மெசேஜ்.

லீவிங் நௌ. ஜஸ்ட் லெஃப்ட். ஆன் தி வே. ஆல்மோஸ்ட் தேர்.

எனக்குக் கசக்குமா? நாலையும் மைக்கில் வாசித்தேன். வாசித்ததோடு விட்டேனா? மொழிபெயர்ப்பும் செய்தேன்.

"இது இங்கிலீஷ் இல்ல பிள்ளைங்களா, இது சுந்தரேசன் பாஷை. லீவிங் நௌ-ன்னா இட்லி தட்டுல விழுந்திருக்கு. ஜஸ்ட் லெஃப்ட்-ன்னா குளிக்கப் போறார். ஆன் தி வே-ன்னா கார் சாவியைக் காணோம். ஆல்மோஸ்ட் தேர்-ன்னா... சாவி கிடைச்சிருச்சு!"

மைதானமே அதிர்ந்தது. ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

முன் வரிசையில் இருந்து ஒரு பெண்மணி எழுந்தார். பாப்பாத்தி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. மிளகும் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், போடுகிற விவசாயி. அவருடைய இரண்டு பெண்களும் அங்கேதான் படிக்கிறார்கள். காலையில் எனக்கு மாலை போட்டவரும் அவர்தான்.

"ஏனுங்க மேடம், ஆல்மோஸ்ட் தேர்னு சொல்றீங்களே... அது எத்தனாவது வளைவுங்க?"

நகைச்சுவைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அடிவாரத்திலிருந்து கொல்லிமலை உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு இருக்கிறது. டூரிஸ்ட்டுகளுக்கு அது போட்டோ எடுத்துக்கொள்ள. மலைக்காரர்களுக்கு அதுதான் கடிகாரம், அதுதான் விலாசம். 'எங்க இருக்கற?' என்று கேட்டால், 'முப்பதுல' என்று பதில் வரும். அவ்வளவுதான். வீட்டில் களிக்கு உலை வைத்துவிடுவார்கள். 'அறுபது தாண்டியாச்சு' என்றால் கிண்டி இறக்கிவிடுவார்கள். எந்தெந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். அங்கே வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு ஏறுவார்கள். அந்த மலையில் போய் 'வந்துட்டே இருக்கேன்' என்று சொன்னால், அது ஒரு பதிலாகவே யார் காதிலும் ஏறாது.

"எங்க வீட்டுக்காரர் எந்த வளைவுல இருக்கார்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது பாப்பாத்தியின் போன் அடித்தது. கொடிக்கம்பத்துப் பக்கம் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. ஸ்டெல்லாவின் காதில் ஏதோ சொன்னார். ஸ்டெல்லா மேடைக்கு வந்து என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினாள். "பிள்ளைங்களா, மேடம் தண்ணி குடிச்சிட்டு வருவாங்க. நீங்க ரைம்ஸ் பாடுங்க" என்று சொல்லிவிட்டு என்னைக் கொடிக்கம்பத்துப் பக்கம் அழைத்துப் போனாள்.

"அக்கா... சார் கார் என்ன கலரு?"

"வெள்ளை. ஏன்?"

பாப்பாத்திதான் சொன்னார். அவர் தம்பி பெரியசாமி குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு டெம்போவில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாராம். முப்பத்தெட்டாவது வளைவில் பாறை உருண்டு ரோட்டில் விழுந்திருக்கிறது. ஏறி வந்த ஒரு கார் மேல். "வெள்ளக் காருங்க. மூஞ்சியெல்லாம் நசுங்கிக் கெடக்குதுன்னு சொன்னானுங்க. அதுக்குள்ள லைன் கட்டாயிப்போச்சுங்க."

வெள்ளைக் கார்.

தமிழ்நாட்டில் பாதி கார் வெள்ளைதான். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிஷம் உலகத்திலேயே ஒரே ஒரு வெள்ளைக் கார்தான் இருந்தது. அதன் முன் கண்ணாடியில் ஒரு முருகன் ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே, சீட் பெல்ட் போட்டால் தொப்பை அழுத்துகிறது என்று முணுமுணுக்கிற ஒருவர் இருந்தார்.

மெசேஜைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆல்மோஸ்ட் தேர்.

முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நம்பாத வார்த்தை அது. கொஞ்சம் முன்னால்தான் அத்தனை பேர் எதிரில் அதைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தேன். இப்போது நம்பினேன். எழுத்துக்கு எழுத்து நம்பினேன். 'லீவிங் நௌ' என்றால் கிளம்பிவிட்டார். 'ஆன் தி வே' என்றால் ரோட்டில்தான் இருந்திருக்கிறார். 'ஆல்மோஸ்ட் தேர்' என்றால் மலைமேல். முப்பத்தெட்டாவது வளைவில்.

பயம் வந்தால் மனுஷருக்குக் கிண்டல் மறந்துபோகும். இங்கிலீஷ்காரர் சொன்ன அர்த்தம்தான் அர்த்தம் என்று ஆகிவிடும்.

நாலு மெசேஜும் மொத்தமாக வந்ததால் எதை எப்போது அனுப்பினார் என்றும் புரிபடவில்லை. எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஆடுகிறது. போன் போட்டேன். ஒரு பெண் குரல் சொன்னது: ஸ்விட்ச்டு ஆஃப்.

மறுபடியும் போட்டேன். ஸ்விட்ச்டு ஆஃப்.

நாட் ரீச்சபிள் என்று சொல்லியிருந்தால் தைரியமாக இருந்திருப்பேன். நாட் ரீச்சபிள் என்றால் மலை, சிக்னல் இல்லை, அவ்வளவுதான். ஸ்விட்ச்டு ஆஃப் என்றால்? அவர் போனை ஒருநாளும் அணைக்கிறவர் இல்லை. கோயிலில்கூட அணைக்க மாட்டார். ஒரு போன் நசுங்கிப் போனால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? நாட் ரீச்சபிள் என்பாளா, ஸ்விட்ச்டு ஆஃப் என்பாளா? வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் சொல்ல மேடை ஏறியவளுக்கு அது தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா... ஏசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கேயோ வேறு ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது.

பாப்பாத்தி தம்பிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். கிடைக்கவில்லை. "அந்த வளைவுல டவர் நிக்காதுங்க. ஏதோ நேரத்துக்கு ஒரு கோடு வந்துச்சு, போயிருச்சு" என்றார். அப்புறம் என் தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க சாமி. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஊட்டுக்காரரு டீ குடிப்பாருங்களா?"

இதைக் கேட்கிற நேரமா இது? கோபம்கூட வந்தது எனக்கு.

"குடிப்பார்."

"அப்பறம் என்னங்க? மலை ஏறுறவங்க கீழ ஒரு டீ குடிக்காம ஏற மாட்டாங்க. நம்ம சொந்தக்காரரு ஒருத்தரு காளப்பநாயக்கன்பட்டியில டீக்கடை வெச்சிருக்காரு. மேல ஏறுற காரெல்லாம் அவரு கடையத் தாண்டித்தான் வரோணும். பாத்தாரான்னு கேப்போம். அடையாளம் சொல்லுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டார். டீக்கடைக்காரர் பெயர் ராசு. கடைச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசினார்.

"வெள்ளக் காருங்களா? காலையில இருந்து வெள்ளக் காராத்தான் போவுது."

"கண்ணாடி போட்டிருப்பார். முன்னால வழுக்கை" என்றேன்.

"அந்த மாதிரி ஒரு பத்துப் பேரு வந்தாங்கங்கம்மா."

வேறு என்ன அடையாளம் சொல்வது? முப்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். அவரை மற்ற ஆண்களிலிருந்து பிரித்துக் காட்ட ஒன்று சொல்லத் தெரியவில்லையே என்று இருந்தது. சர்க்கரை போடாமல் கேட்பார் என்றேன். 'எல்லாருந்தான் கேக்கறாங்க' என்றார் ராசு. பேப்பர் படிப்பார் என்றேன். அதுவும் எல்லாரும்தான்.

பிறகுதான் ஞாபகம் வந்தது.

"டீயைக் கொண்டுவந்து வெச்சா, ஒரு வாய் குடிச்சிட்டு, சூடு பத்தலைன்னு திருப்பிக் குடுப்பார். போண்டாவைப் பார்த்து, இது இன்னைக்கு எண்ணெயா, நேத்து எண்ணெயான்னு கேப்பார். இன்னைக்கு எண்ணெய்தான்னு நீங்க சொன்னாலும்..."

"...நம்ப மாட்டாரு!" என்று அந்தப் பக்கம் குரல் எகிறியது. "அட, அந்த மனுசனுங்களா! ரெண்டு தடவ சூடு பண்ணிக் குடுத்தாச்சுங்கம்மா! இப்ப மூணாவது டீக்கு உக்காந்திருக்காரு. போனு சுத்தமாச் செத்துப்போச்சுன்னு நம்ம கடையிலதான் சார்ஜ் போட்டிருக்காரு. இருங்க, குடுக்கறேன்."

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எதிரில் எத்தனை தடவை அந்தச் சூடு பத்தாத டீக்காகத் தலைகுனிந்திருக்கிறேன்! அன்றைக்கு அந்தக் குணத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

போன் கை மாறுகிற சத்தம். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

"ஏங்க..." என்றேன். "எங்க இருக்கீங்க?"

பின்னால் டீ ஆற்றுகிற சத்தம். யாரோ 'சார், உங்க போண்டா' என்கிறார்கள்.

"ஏம்மா, நீயா? இதோ... வந்துட்டே இருக்கேன்! ஆல்மோஸ்ட் தேர்!"

டீக்கடைக்காரர் போனில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்!

நான் கொடிக்கம்பத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்கள். எனக்கு அந்த ஆறிப்போன டீயையே வார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவு நிம்மதி.

"என்னம்மா, அழறியா? கோவமா? இதோ கிளம்பிட்டேன்..."

"கிளம்பாதீங்க! அங்கேயே இருங்க. இன்னொரு டீ குடிங்க."

"சர்க்கரை இல்லாமத்தானே?"

"சர்க்கரை போட்டே குடிங்க!"

அந்தப் பக்கம் அவர் நிஜமாகவே பயந்துபோயிருப்பார். முப்பது வருஷத்தில் அப்படி ஓர் அனுமதி அவருக்குக் கிடைத்ததில்லை.

போனை வைத்தேன். வைத்த மறுநிமிஷம் சுருக்கென்றது. நம்ம ஆள் டீக்கடையில் இருக்கிறார், சரி. அப்படியானால் அந்தக் காரில் இருப்பது யார் வீட்டு ஆள்? அதே மாதிரி வேறு ஒருத்தி எங்கேயோ போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே... நான் அப்பாடா என்று மூச்சு விட்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பாப்பாத்தியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லாவின் ஜெபம் நிற்கவே இல்லை. பிள்ளைகள் பாட்டெல்லாம் முடிந்து, முதல் பாட்டிலிருந்து திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியசாமியின் கால் வந்தது. டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் மேலே நடந்தே ஏறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒண்ணும் ஆவலக்கா! கரூர்க்காரங்களாம். சின்னப் பாப்பா ஒண்ணு. வளைவு சுத்தி சுத்தி அதுக்கு வாந்தி. காரை ஓரங்கட்டிட்டு, எல்லாரும் அந்தால தடுப்புச் செவுத்துக்கிட்ட நின்னு அதுக்கு மூஞ்சி கழுவி உட்டுட்டு இருந்திருக்காங்க. அந்நேரம் பாத்துக் கல்லு வந்து பேனட்டு மேல உளுந்திருக்குது. உள்ள ஒருத்தரும் இல்ல."

பாப்பாத்தி மலைத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"பாப்பா என்ன பண்ணுது கண்ணு?" என்று கேட்டார் பாப்பாத்தி.

"அதுக்கென்னக்கா? சட்டயில வாந்தி எடுத்ததுக்கு அவங்கம்மா மொதல்ல ஒண்ணு வெச்சாங்களாம். இப்ப எல்லாரும் மாத்தி மாத்திக் கொஞ்சிட்டு இருக்காங்க. அது ஒண்ணும் புரியாம முளிச்சிட்டு நிக்குது."

முகத்தைக் கழுவிக்கொண்டு மைக்குக்குத் திரும்பினேன். பாவம், பிள்ளைகள் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போயிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். கடைசியில் யாருக்கும் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். எனக்குக் கிடைத்த திகில் அவர்களுக்கு எதற்கு?

பேச்சின் முடிவில் சொல்ல வைத்திருந்த ஜோடி ஒன்று பாக்கி இருந்தது. ஆன் டைம், இன் டைம்.

"சொன்ன நேரத்துக்கு வர்றது ஆன் டைம். காரியம் கெடுறதுக்குள்ள வந்து சேர்றது இன் டைம். வந்துட்டே இருக்கேன்னு சொல்லிட்டு டீக்கடையிலயே உக்காந்திருந்து தப்பிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்ல. நம்ம ஊர்க்காரங்கதான் ஒண்ணு கண்டுபிடிக்கணும்."

அந்தச் சிரிப்பு முதல் சிரிப்பை விடப் பெரிதாக இருந்தது.

நம்ம ஆள் 'ஆன் தி வே' என்று சொல்வதை இத்தனை வருஷம் நான் பொய் என்றே கணக்கு வைத்திருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். இங்கிலீஷ்காரர் 'ஆன் மை வே' என்றால் தன் கால் இருக்கிற இடத்தைச் சொல்கிறார். நம்மவர் 'வந்துட்டே இருக்கேன்' என்றால் மனசு இருக்கிற இடத்தைச் சொல்கிறார். மனசு கிளம்பி வந்து உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டது. உடம்புதான் இன்னும் துண்டோடு நிற்கிறது. காத்திருப்பவர் வருத்தப்படக்கூடாதே என்று நாலு மைலை வாயாலேயே கடந்துவிடுகிறார்.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்.

பாறையை ஓரம் தள்ளி ரோடு திறப்பதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. கரூர்க் குடும்பம் பெரியசாமியின் டெம்போவிலேயே மேலே வந்து ஸ்டெல்லா வீட்டில் சாப்பிட்டது. அந்தக் குட்டிப் பெண் வேகவைத்த குச்சிக்கிழங்கைச் சர்க்கரை தொட்டு மூன்று துண்டு தின்றாள். பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா, 'போதும்டி, மறுபடியும் வாந்தி...' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

நம்ம ஆளின் கார் வந்து நின்றபோது வாசலில் பாப்பாத்திதான் நின்றிருந்தார்.

"வாங்க சார், வாங்க. எத்தனாவது வளைவுங்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் ஒரு பொட்டலம், ஆறிப்போன போண்டா. "இன்னைக்கு எண்ணெய்தானாம்மா. கடைக்காரர் சத்தியம் பண்ணினார்" என்று என்னிடம் நீட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

இறங்கும்போது வண்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் கிண்டல் செய்ததை மட்டும் சுருக்கமாகச் சொன்னேன். முப்பத்தெட்டாவது வளைவில் வேகத்தைக் குறைத்தார். வெளிச்சம் போகிற நேரம். ரோட்டோரம் பாறை துண்டு துண்டாகக் கிடந்தது. அந்த வெள்ளைக் கார் தடுப்புச் சுவர் ஓரமாக, முகம் நசுங்கி நின்றிருந்தது. அதன் கண்ணாடியிலும் முருகன்தான்.

அப்புறம் சொன்னார். "நான் சொன்னபடியே கிளம்பியிருந்தா..."

"நீங்க என்னைக்குச் சொன்னபடி கிளம்பியிருக்கீங்க? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன். அவர் இடது கை கியரில் இருந்தது. அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். கியர் மாற்ற முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை. கடைசி வளைவு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே இறங்கினோம்.

இனிமேல் எங்கே இருக்கிறேனோ அதை அப்படியே சொல்வேன் என்று காளப்பநாயக்கன்பட்டியில் ராசு கடை டீயின் மேல் சத்தியம் செய்தார். அந்த டீயையும் சூடு பத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் செய்தார். நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரம் அவருடைய நண்பர் ஒருவர் சேலம் அஞ்சு ரோட்டில் இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். பாத்ரூமுக்குள்ளிருந்து போன் பேச்சு கேட்கிறது. "கிளம்பிட்டேன்யா! ஆன் தி வே! ஆல்மோஸ்ட் தேர்!" கூடவே குழாய்ச் சத்தம்.

பழைய நானாக இருந்தால் கதவை உடைத்திருப்பேன். இன்றைக்கு அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். உள்ளேதான் இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார். அப்புறம் மெதுவாகக் கதவைத் தட்டினேன்.

"ஏங்க... எத்தனாவது வளைவு?"

குழாய் நின்றது. கொஞ்சம் யோசிக்கிற சத்தம்.

"இன்னும் முதுகே தேய்க்கல!"

முப்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் சரியான லொகேஷன்!